தினமும் பரீட்சை எழுதினால் எப்போது படிப்பது?

கேள்வி:

சார், வணக்கமுங்க. எனக்கு வயது 22, எடை 62 கிலோ. ஊர் காங்கேயம் பக்கம். டிகிரி முடித்துவிட்டுத் தேங்காய்க் களத்தில் வேலைக்குப் போகிறேன். போலீஸ் எழுத்துத் தேர்வில் மார்க் நன்றாக வந்திருக்கிறது. பிசிகல், அதாவது உடல்தகுதித் தேர்வு, இன்னும் மூன்று மாதத்தில் இருக்கும் என்கிறார்கள். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். தினமும் காலை 5 மணிக்குப் பள்ளிக்கூட கிரவுண்டில் 1500 மீட்டரை முழு வேகத்தில் ஓடுகிறேன், ஞாயிற்றுக்கிழமைகூட விடுவதில்லை. முதல் மாதத்தில் 8.20-ல் இருந்து 7.40-க்கு வந்தேன். அதன்பிறகு இரண்டு மாதமாக அதே 7.40. போன வாரம் 7.52 ஆகிவிட்டது. கூட ஓடுகிற அண்ணன் சாயங்காலமும் ஒரு தடவை ஓடு என்கிறார். முழங்காலுக்குக் கீழே, உள்பக்கம் எலும்பு ஓரமாக வலிக்கிறது. ஓட ஆரம்பித்தால் குறைகிறது, சாயங்காலம் மறுபடி வந்துவிடுகிறது. ஜிம்மில் 3000 ரூபாய்க்கு புரோட்டீன் பவுடர் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமுங்களா? பெயர் போட வேண்டாமுங்க.

பதில்:

தம்பி, வணக்கம். பெயரை எடுத்துவிட்டேன். எடுக்காவிட்டாலும் யாரும் உங்களைக் கண்டுபிடிக்க முடியாது. கோபியில் இருந்தும் தாராபுரத்தில் இருந்தும் என்னிடம் வருகிற பையன்கள் எல்லோரும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள்: இதே நின்றுபோன டைமிங், இதே எலும்பு வலி, இதே டப்பா.

முதலில் ஒரு சின்ன வேலை. அந்த கிரவுண்டை யாராவது அளந்திருக்கிறார்களா? பள்ளிக்கூட கிரவுண்டு என்றால் பெரும்பாலும் 200 மீட்டர் என்று வாய்க்கணக்காகச் சொல்வார்கள். சுண்ணாம்புக் கோடு வருஷா வருஷம் ஒரு அடி வெளியே நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு ரவுண்டு 210 மீட்டர் இருந்தால் ஏழரை ரவுண்டில் 75 மீட்டர் அதிகம் ஓடுகிறீர்கள். உங்கள் வேகத்துக்கு அது சுமார் 22 விநாடி. அதாவது 7.40 என்று நீங்கள் கவலைப்படுவது நிஜத்தில் 7.18 ஆக இருக்கலாம். வீட்டில் காடு அளக்கிற டேப் இருந்தால் எடுத்துக்கொண்டு போய், உள்கோட்டில் இருந்து ஒரு அடி தள்ளி அளந்து பாருங்கள். போனில் உள்ள ஆப்பை இதற்கு நம்ப வேண்டாம், சின்ன வட்டத்தில் அது தடுமாறும்.

கிரவுண்டு சரியாக 200 மீட்டர்தான் என்றே வைத்துக்கொள்வோம். 7 நிமிடம் என்றால் ரவுண்டுக்கு 56 விநாடி. நீங்கள் ஓடுவது 61 சொச்சம். ரவுண்டுக்கு 5 விநாடி குறைய வேண்டும், அவ்வளவுதான். மூன்று மாதம் இதற்குப் போதும். ஆனால் இப்போது ஓடுகிற மாதிரியே ஓடினால் ஆறு மாதம் ஆனாலும் போதாது.

நீங்கள் தினமும் காலையில் செய்வதற்குப் பெயர் பயிற்சி கிடையாது. தினமும் பரீட்சை எழுதுகிறீர்கள். எழுத்துத் தேர்வுக்கு எப்படித் தயாரானீர்கள்? தினமும் மூன்று மணி நேரம் மாடல் கொஸ்டின் பேப்பரை மட்டும் எழுதிவிட்டுப் புத்தகத்தைத் தொடாமலா இருந்தீர்கள்? ஓட்டத்தில் மட்டும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

முதல் மாதம் 40 விநாடி குறைந்ததே என்று கேட்பீர்கள். சும்மா இருந்த உடம்புக்கு எந்தப் பயிற்சி கொடுத்தாலும் அது புதுசு, அதனால் சட்டென்று பதில் சொல்லும். நாலு வாரத்தில் அதே தூரம், அதே வேகம் அதற்குப் பழகிவிடும். பழகிய பிறகு அதையே கொடுத்தால் உடம்பு மாறுவதற்கு ஒரு காரணமும் இல்லை. அதோடு ஓய்வும் கொடுக்காததால் இப்போது பின்னால் போகிறது. 7.52 சோம்பேறித்தனத்தால் வந்ததில்லை, களைப்பால் வந்தது.

நம் பக்கத்துக் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் போட்டால் இரண்டு மணி நேரத்தில் வற்றிவிடும். நிறுத்தி ஊற விட வேண்டும். ஊறுவதற்குள் மறுபடி மோட்டாரைப் போட்டால் காற்றைத்தான் இழுக்கும். உடம்பும் அப்படித்தான், ஒரே ஒரு வித்தியாசம். கிணறு பழைய மட்டத்துக்குத்தான் ஊறும். உடம்புக்கு நேரமும் சோறும் தூக்கமும் கொடுத்தால் பழைய மட்டத்தைவிட ஒரு விரற்கடை மேலே ஊறி நிற்கும். அந்த ஒரு விரற்கடைதான் முன்னேற்றம். அது ஓடுகிறபோது வருவதில்லை, ஓடி முடித்துப் படுத்திருக்கிறபோது வருகிறது. கடுமையான ஓட்டம் ஒன்றுக்கு அடுத்து அது வந்து சேர ஒன்றிரண்டு நாள் பிடிக்கும்.

1954-ல் ரோஜர் பானிஸ்டர் என்ற இங்கிலாந்துக்காரர், அப்போது மருத்துவ மாணவர், ஒரு மைலை 4 நிமிடத்துக்குள் ஓடப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். கால் மைல் வீதம் பத்துத் தடவை ஓடுவார், நடுவில் கொஞ்சம் இளைப்பாறல். அவருக்கு ஒரு கால் மைல் 60 விநாடிக்குக் கீழே வர வேண்டும். 61-ல் வந்து நின்றுவிட்டது, என்ன செய்தும் இறங்கவில்லை. ஓட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு நண்பரோடு ஸ்காட்லாந்துக்கு மலையேறப் போனார். திரும்பி வந்து ஓடிப் பார்த்தால் 59. அந்த மே 6-ம் தேதி 3 நிமிடம் 59.4 விநாடியில் மைலை முடித்தார். உலகத்தில் முதல் ஆள். (மலையேற்றமும் லேசான வேலை இல்லைதான். ஆனாலும் ஓட்டத்தில் தேய்ந்த கால்களுக்கு அது விடுமுறை.)

உங்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. களத்தில் வெயிலில் மூட்டை தூக்குகிறீர்கள், நாள் பூராவும் நிற்கிறீர்கள், குனிகிறீர்கள். சிமெண்ட் களம் வேறு, மேலே ஒரு வெயில், கீழே இருந்து ஒரு வெயில். உடம்புக்கு இது வேலை, இது பயிற்சி என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. எல்லாம் ஒரே கிணற்றுத் தண்ணீர். ஏ.சி. ரூமில் உட்கார்ந்து படிக்கிற பையனின் அட்டவணையை யூடியூபில் பார்த்து நீங்கள் செய்யக் கூடாது. சாயங்காலமும் ஓடச் சொன்ன அண்ணனிடம் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள். 5 மணிக்குக் கிரவுண்டில் இருக்க வேண்டும் என்றால் 9 மணிக்கு போனைக் கீழே வைத்தாக வேண்டும். எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு ஈடாக எந்தக் கடையிலும் ஒன்றும் விற்பதில்லை.

அடுத்து, ஓட்டத்துக்கு எரிபொருள் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். தேங்காய்க் களத்து ஆளுக்கு இதைச் சொல்வது சுலபம். உடம்பில் மூன்று வகை நெருப்பு இருக்கிறது. ஒன்று பன்னாடை நெருப்பு: குப்பென்று பிடிக்கும், பத்து விநாடியில் அணையும். 100 மீட்டர் ஓட்டம், கயிறு ஏறத் துள்ளுவது எல்லாம் அதில்தான். இரண்டாவது மட்டை நெருப்பு: நன்றாக எரியும், ஆனால் புகை. ஒன்றிரண்டு நிமிடத்துக்கு மேல் அந்த வேகத்தில் நிற்க முடியாது. தசைக்குள் அமிலத் தன்மை ஏறி கால் கல்லாகிவிடும். மூன்றாவது தொட்டிக் கரி, அதாவது கொட்டாங்குச்சிக் கரி: மெதுவாகப் பிடிக்கும், புகையாது, நின்று எரியும். ஆக்ஸிஜனை வைத்து எரிகிற நெருப்பு அது. 7 நிமிட ஓட்டத்தில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் இந்தக் கரிதான் வேலை செய்கிறது.

தினமும் முழு வேகத்தில் ஓடுகிற நீங்கள் மட்டையை எரித்துப் புகையைத் தின்றுகொண்டிருக்கிறீர்கள். கரி நெருப்பைப் பெரிதாக்க மெதுவாக, நிறைய நேரம் ஓட வேண்டும். அப்படி ஓடினால் இதயம் ஒரு துடிப்பில் தள்ளுகிற ரத்தம் கூடும், தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகும், ஆக்ஸிஜனை வைத்து எரிபொருளை எரிக்கிற மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகள் எண்ணிக்கையில் கூடும். எவ்வளவு மெதுவாக என்றால், பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவுக்கு. மூச்சு வாங்கி இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நின்றால் வேகம் அதிகம், குறையுங்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். 1960-லும் 1964-லும் 800 மீட்டரில் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய நியூசிலாந்துக்காரர் பீட்டர் ஸ்னெல், இரண்டு நிமிடம்கூட ஆகாத அந்த ஓட்டத்துக்காக வாரம் 100 மைல் ஓடிப் பழகியவர். அவ்வளவெல்லாம் உங்களுக்கு வேண்டாம். நம் ஊரில் ரேக்ளாவுக்கு மாடு பழக்குகிறவரைக் கேட்டுப் பாருங்கள். பந்தயம் 200 மீட்டரோ 300 மீட்டரோதான். அதற்காக தினமும் 200 மீட்டரைச் சாட்டையடித்து விரட்டுவாரா? நடக்க விடுவார், நீச்சல் விடுவார், என்றைக்காவது ஒருநாள்தான் முழு வேகம். மாட்டுக்குக் காட்டுகிற அறிவை நம் காலுக்குக் காட்ட மாட்டேன் என்கிறோம்.

இனி வலி. வேறு எதைவிடவும் இதுதான் அவசரம். நீங்கள் சொல்கிற அடையாளத்தைப் பார்த்தால், முன்னங்கால் எலும்பின் உள்ஓரத்தில் தசை ஒட்டியிருக்கிற இடத்தில் அளவுக்கு மீறிய சுமையால் வருகிற வலி மாதிரி இருக்கிறது. கிரவுண்டில் ஷின் பெயின் என்பார்கள். கடிதத்தைப் படித்து நான் உறுதி சொல்ல முடியாது, ஆனால் நீங்களே ஒரு சோதனை செய்யலாம். எலும்பு ஓரமாக மேலிருந்து கீழே விரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். நாலைந்து விரல் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் நான் சொன்னதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே ஒரு புள்ளியில், விரல் நுனி வைக்கிற இடத்தில் மட்டும் சுரீரென்று வலித்தால், ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால், அந்த ஒற்றைக் காலில் குதித்தால் தாங்க முடியாவிட்டால், எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கலாம். அப்போது ஒருநாள்கூட ஓடாமல் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதும் உண்டு. எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்பதற்காக ஓடிவிடாதீர்கள்.

இன்னொன்று. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிற பழக்கம் கிரவுண்டில் பரவிவிட்டது. வலி தெரியாமல் ஓடினால் விரிசல் பெரிதாகும். உடம்பில் நீர் வற்றிய நிலையில் அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தையும் கெடுக்கும். தேர்வு அன்றைக்கு யாராவது கையில் ஊசியோ மாத்திரையோ கொடுத்தால், தெரிந்த அண்ணனாகவே இருந்தாலும் வாங்க வேண்டாம்.

பரவலான வலிதான் என்றால், முதல் இரண்டு வாரம் முழு வேக ஓட்டம் கிடையாது. சைக்கிள் இருந்தால் வாரத்தில் நாலு நாள் அரை மணி நேரம் மிதியுங்கள். நீச்சல் தெரிந்து, துணைக்கும் ஆள் இருந்தால் கிணற்றில் நீந்துங்கள். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் இது ஓட்டம் மாதிரியேதான், எலும்புக்கு மட்டும் அடி விழாது. கூடவே வாசல் படியில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். முழங்கால் நேராக வைத்து ஒரு முறை, லேசாக மடக்கி ஒரு முறை, பதினைந்து பதினைந்தாக மூன்று சுற்று. முதலில் இரண்டு காலிலும், வலியில்லாமல் வந்தால் ஒற்றைக் காலில். கெண்டைக்கால் பலமானால் எலும்புக்கு விழுகிற அடியைத் தசை வாங்கிக்கொள்ளும். ஷூவின் அடிப்பாகம் தேய்ந்திருந்தால் அந்த 3000 ரூபாயில் நல்ல ஷூ ஒன்று வாங்குங்கள். ரோட்டில் ஓட வேண்டாம், மண்ணில் ஓடுங்கள். ஒரே பக்கமாகச் சுற்றாமல் நாள் மாற்றி எதிர்ப்பக்கமும் சுற்றுங்கள்.

மூன்றாவது வாரத்தில் இருந்து ஆறாவது வாரம் வரை வாரத்துக்கு நாலு நாள் அந்தப் பேசிக்கொண்டே ஓடுகிற ஓட்டம். 20 நிமிடத்தில் ஆரம்பித்து 35 நிமிடம் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக. வாரத்துக்கு 10 சதவீதம்தான் கூட்ட வேண்டும் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அது வேதவாக்கு இல்லை, உங்கள் கால் சொல்வதைக் கேட்டுக் கூட்டுங்கள். இரண்டு நாள், ஓட்டம் முடிந்ததும் 80 மீட்டர் அளவுக்கு நாலைந்து தடவை வேகமாக, ஆனால் முக்காமல், ஓடிப் பார்க்கலாம். வலி சுத்தமாகப் போயிருந்தால் ஞாயிற்றுக்கிழமை சிவன்மலைப் படி ஏறலாம். ஏறுவது தொடைக்கு நல்லது. இறங்கும்போது ஓடாதீர்கள், தசை பிய்ந்து இரண்டு நாள் நடக்க முடியாமல் செய்வது இறக்கம்தான். மேலே போய், பக்தர் கனவில் சாமி உத்தரவிட்ட பொருளை வைக்கிற உத்தரவுப் பெட்டியில் இந்தத் தடவை என்ன பொருள் என்று பார்த்துவிட்டு நிதானமாக இறங்குங்கள்.

ஏழாவது வாரத்தில்தான் வேகம். அதுவும் வாரத்தில் இரண்டே நாள், நடுவில் இரண்டு நாளாவது இடைவெளி விட்டு. ஒருநாள் 400 மீட்டர் ஐந்து தடவை. முதல் வாரம் ஒவ்வொன்றையும் 1.54-க்கு ஓடுங்கள், பத்தாவது வாரத்துக்குள் 1.50-க்குக் கொண்டுவாருங்கள். நடுவில் இரண்டு நிமிடம் நடை. முதலாவதை 1.40-க்கு ஓடிவிட்டு ஐந்தாவதை 2.05-க்கு ஓடினால் அன்றைய பயிற்சி வீண். ஐந்தும் ஒன்றுபோல வர வேண்டும். இன்னொரு நாள் 600 மீட்டர் மூன்று தடவை, ஒவ்வொன்றும் 2.48. மற்ற இரண்டு நாள் பழைய மெதுவான ஓட்டம். மூட்டை அதிகம் தூக்கிய நாளுக்கு மறுநாள் வேகப் பயிற்சி வைக்காதீர்கள்.

பத்தாவது வாரக் கடைசியில் ஒரே ஒரு தடவை 1500 மீட்டர் ஓடிப் பாருங்கள். அதுதான் மாதிரித் தேர்வு. நண்பர் ஒருவரை நிறுத்தி ஒவ்வொரு ரவுண்டுக்கும் நேரத்தை எழுதச் சொல்லுங்கள். இப்போது உங்கள் முதல் ரவுண்டு 50-க்குள்ளும் கடைசி ரவுண்டுகள் 65-க்கு மேலும் இருக்கும் என்று நினைக்கிறேன். தேர்விலும் கூட்டமாக விடும்போது எல்லோரும் தலைதெறிக்க ஓடுவார்கள், கால் தானாக அவர்கள் பின்னால் போகும். விடாதீர்கள். முதல் ரவுண்டு 55. மூன்றாவது ரவுண்டில் இருந்து முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் வருவார்கள். இந்த ஓட்டத்தில் 7 நிமிடத்துக்குள் வந்தால் தேர்ச்சி, 5.30-க்கு வந்தாலும் அதே தேர்ச்சிதான். அதனால் 6.45-ஐக் குறிவைத்தால் போதும்.

கடைசி இரண்டு வாரம் ஓடுகிற தூரத்தைப் பாதியாக்குங்கள், வேகத்தை மட்டும் குறைக்க வேண்டாம். ஐந்து 400-க்குப் பதில் இரண்டு. கை கால் துறுதுறுவென்று இருக்கும், இன்னும் ஓடலாம் என்று தோன்றும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

கயிறு ஏறுவது, தாண்டுவது, 100 அல்லது 400 மீட்டர் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் 1500 தாண்டிய பிறகு ஸ்டார், அதாவது மதிப்பெண், வாங்கித் தருவது அவைதான். அது பன்னாடை நெருப்பு, தனியாகப் பழக வேண்டும். மூட்டை தூக்குகிற முதுகும் கையும் உங்களுக்கு ஏற்கெனவே பாதி உதவி. மீதிக்கு வாரம் இரண்டு நாள், மெதுவாக ஓடுகிற நாளில் ஓட்டத்துக்கு முன்னால், கயிற்றில் தொங்குவதும் ஏறுவதுமாக நாலைந்து தடவை, நடுவில் மூன்று நிமிடம் முழு ஓய்வு. கை நடுங்க நடுங்க ஏறிப் பழகாதீர்கள்.

பவுடர் விஷயத்துக்கு வருகிறேன். 62 கிலோ ஆளுக்கு, இந்த வேலைக்கும் இந்தப் பயிற்சிக்கும் கிலோவுக்கு 1.4 கிராம் புரதம் என்று வைத்தால் நாளுக்கு 87 கிராம். நாமக்கல் முட்டை நாலு, 24 கிராம். அரை லிட்டர் பால், 16. ஒரு கைப்பிடி நிலக்கடலை, 50 கிராம் அளவுக்கு, 12. கொள்ளோ பச்சைப்பயறோ வேகாத கணக்கில் 50 கிராம், 11. மூன்று வேளைச் சோற்று அரிசி 350 கிராம், அதிலேயே 24. கூட்டிப் பாருங்கள், 87 வந்துவிட்டது. கறி எடுக்கிற ஞாயிற்றுக்கிழமை இன்னும் கூடும். பவுடர் விஷம் ஒன்றும் இல்லை, பாலையும் முட்டையையும் டப்பாவில் அடைத்த மாதிரிதான். ஆனால் உங்கள் வீட்டுச் சமையலறையில் இருப்பதற்கு 3000 ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை. முட்டை சாப்பிடாத வீடு என்றால் பாலையும் பயறையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

காலையில் வெறும் வயிற்றில் வேக ஓட்டம் வேண்டாம், ஒரு வாழைப்பழம் போதும். ஓடும்போது தண்ணீர் குடித்தால் கால் கனத்துவிடும் என்று எங்கள் காலத்தில் ஒரு பயிற்சியாளர் பாட்டிலையே தொடவிட மாட்டார். ஒருநாள் வெயிலில் என் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அதன்பிறகு நான் டவுசர் பாக்கெட்டில் எலுமிச்சம்பழத்தை ஒளித்துவைத்துக்கொண்டு போவேன். அவர் சொன்னதில் உண்மை இல்லை. களத்தில் நிற்கிற நாளில் தாகம் எடுக்கும்போதெல்லாம் குடியுங்கள். வேர்வையில் தண்ணீரோடு சேர்ந்து போவது முக்கியமாக உப்பு. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. அதனால் உப்புப் போட்ட மோரோ பழைய சோற்று நீராகாரமோ இன்னும் பொருத்தம். களத்து வெயிலுக்கு உங்கள் உடம்பு ஏற்கெனவே பழகியிருக்கிறது. தேர்வன்று உங்கள் முறை வருவதற்குள் வெயில் ஏறிவிட்டால் அது உங்களுக்குத்தான் சாதகம்.

இன்று கிரவுண்டை அளந்து பாருங்கள். இரண்டு வாரம் கழித்து கால் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். ஒரே புள்ளியில் வலிக்கிறது என்றால் எனக்கு எழுதிக்கொண்டு இருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.